நந்தனார் கதையும் நமது கண்ணீரும்

கலையானது மனிதனுடைய மனதை இளக்கி அவனை மேன்மைப்படுத்துகிறது என்பதாக ஒரு பேச்சு நமது நாட்டில் வெகுகாலமாய் நடந்து வருகிறது. ஜாதிக் கொடுமையை ஒழிப்பதற்குச் சட்டத்தைவிட, கிளர்ச்சியைவிட, நல்ல கதையும் நல்ல பாட்டும் நல்ல படமுமே சிறந்த சாதனங்கள் என்று சொல்லும் பெரிய மனிதர்கள் அநேகர் இருக்கிறார்கள். அவர்களுடைய எண்ணத்தைப் பற்றி நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் சொல்லுவது வாஸ்தவமாயிருந்தால், நந்தனார் கதையைப் போல் இத்தனை நூறு வருஷம் படிக்கப்பட்டும், பாடப்பட்டும், ஆடப்பட்டும், படம் பிடிக்கப்பட்டும் கேட்டவர்களையெல்லாம் கண்ணீர் விடச் செய்த கதை தமிழில் வேறொன்று இல்லையாதலால், நந்தனுடைய ஜாதியாரின் இழிவு என்றைக்கோ ஒழிந்திருக்க வேண்டுமல்லவா? ஏன் ஒழியவில்லை? அழுதவர்கள் பொய்யாக அழுதார்களா? அல்லது அழுவதற்கென்று கொடுக்கப்பட்ட கதையிலேயே ஏதேனும் சூது இருக்கிறதா?

நம் சொந்த வீட்டுச் சங்கதியையே முதலில் சொல்லி விடுகிறோம். நாம் சிறுபிள்ளையாயிருந்த காலத்தில், டெலிவிஷன் பெட்டி தெருவுக்கு ஒன்று என்று இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ படம் காட்டினார்கள். நம் வீட்டுக் கூடத்தில் பாட்டி, அத்தைமார், தெருப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வயலில் தண்ணீர் கட்டிவிட்டு வந்த நம் பண்ணையாள் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே, மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்று பார்த்தார். நந்தன் சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிற இடத்தில் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் முடிந்ததும் வெளியே வந்து, “ஏண்டா, பார்த்தியா, எப்படி உருகுறான் பாரு! உனக்கு அந்தப் பக்தி வருமா?” என்று கேட்டார். “எங்களுக்கு எங்கே வரும் ஆச்சி” என்று அவர் சிரித்தார். பிறகு, கொல்லைப்புறம் எரவாணத்தில் அவருக்கென்று செருகி வைத்திருந்த அலுமினியத் தம்ளரை எடுத்து வந்து நீட்டினார். பாட்டி கை உயரத் தூக்கிக் காப்பியை ஊற்றினார். அவர் குடித்துக் கழுவி மறுபடியும் எரவாணத்திலேயே செருகிவிட்டுப் போனார். பாட்டியின் கண்ணில் ஈரம் அப்போதும் காய்ந்திருக்கவில்லை.

பாட்டி கெட்டவரல்ல. அவர் அழுததும் பொய்யல்ல. படம் அவருக்குச் சொன்னது இன்னதென்றால், நந்தன் பெரியவன், ஏனென்றால் அவன் பக்தன் என்பதுதான். எரவாணத்துத் தம்ளரைப் பற்றிப் படம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாததோடு நிற்காமல், தன் வீட்டு ஆளை அளந்து பார்த்துக் குறைவு கண்டுபிடிக்க ஒரு புது அளவுகோலையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று.

இனிக் கதையைப் பார்ப்போம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் இவர் பெயர் திருநாளைப்போவார். கொள்ளிடக் கரையில் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பது அவர் தொண்டு. இதைச் சற்று யோசித்துப் பாருங்கள், தோழர்களே! அவர் உரித்துப் பதப்படுத்திக் கொடுத்த தோல் கோயிலுக்குள்ளே போகலாம். செத்த மாட்டின் நரம்பு சாமிக்கு முன்னால் ஒலிக்கலாம். மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்த கோரோசனை பூசைக்கு ஆகலாம். எடுத்துக் கொடுத்த மனிதன் மட்டும் வெளியே நிற்க வேண்டும்! தோலில் இல்லாத தீட்டு, தோலைத் தொட்ட கையில் எப்படி வந்தது என்று புராணம் கேட்கவில்லை. கேட்டுக் கொண்டிருந்த ஜனங்களும் கேட்கவில்லை.

திருப்புன்கூரில் நந்தி குறுக்கே படுத்திருந்ததால் வெளியில் நின்றவருக்குச் சாமி தெரியவில்லை. சாமி இரங்கினார். எப்படி இரங்கினார்? “உள்ளே வா” என்று கூப்பிட்டாரா? இல்லை, கல் நந்தியைச் சற்று விலகச் சொன்னார். அதாவது கல்லை நகர்த்துவது சாமிக்குச் சாத்தியமாயிருந்தது. வாசற்படியில் நின்ற மனிதர்களின் கட்டுப்பாட்டை நகர்த்துவது மட்டும் சாத்தியமாயில்லை. பிறகு தில்லைக்குப் போகிறார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்றே நாள் தள்ளி, கடைசியில் போய், எல்லையையே சுற்றிச் சுற்றி வருகிறார். சாமி கனவில் தோன்றி, நெருப்பில் மூழ்கிப் பூணூல் அணிந்தவர்களோடு சேர்ந்து வா என்று சொல்லுகிறார். தில்லை அந்தணர்களின் கனவிலும் வந்து தீ மூட்டச் சொல்லுகிறார். மதிலுக்கு வெளியே தீ வளர்க்கப்படுகிறது. அவர் அதற்குள் இறங்குகிறார். ஜடையும் பூணூலுமாக ஒரு பிராமண முனிவராய் எழுந்து, கோயிலுக்குள்ளே போகிறார். போனவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

யாரும் பார்க்கவில்லை என்பதை நாம் பொய்யென்று சொல்ல வரவில்லை. நெருப்பில் இறக்கிய மனிதனைப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்பதே இந்தக் கதை முழுவதிலும் அறிவுக்குப் பொருந்துகிற ஒரே சமாசாரம்.

அற்புதத்தைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். குற்றம் செய்தது உள்ளே விடமாட்டேன் என்ற விதி. நெருப்பில் விழுந்தது யார்? விதி விழவில்லை, விதியை ஏற்படுத்தினவன் விழவில்லை, அதனால் கஷ்டப்பட்டவன் விழுந்தான். அவன் வெளியே வந்தபோதும் தன் உடம்போடு, தன் குலத்தோடு வரவில்லை. அவனைத் தடுத்தவர்களுடைய வேஷத்தோடு வந்தான். ஆகவே அன்றைக்குக் கோயிலுக்குள் நுழைந்தது ஒரு புலையர் அல்ல, ஒரு பிராமண முனிவர். அப்படியானால் புலையர் நுழையக்கூடாது என்ற விதி அன்றைக்கு மீறப்படவேயில்லை. அட்சரம் பிசகாமல் காப்பாற்றப்பட்டது! காப்பாற்றியவர் சாட்சாத் பரமசிவனே என்று சொல்லி, விதிக்குக் கடவுளுடைய கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்த கதையைத்தான் “ஜாதி பேதமில்லை என்று காட்டும் கதை” என்று இன்றுவரை மேடையிலும் பாடப் புஸ்தகத்திலும் சொல்லி வருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சேக்கிழாருக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னே அடியார்களின் பெயர்களை வரிசையாகப் பாடிய சுந்தரர், இவருடைய பெயரை ஒரே வரியில் மரியாதையோடு சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அங்கே புலைப்பாடியும் இல்லை, தீயும் இல்லை, பூணூலும் இல்லை. இடையிலே யாரோ நெருப்பு வைத்தார்கள். சரித்திரம் தெரிந்தவர்கள் அது யார் என்று ஆராயட்டும். நமக்கு வேண்டியது, கதை என்பது வானத்திலிருந்து விழுவதல்ல, காலத்துக்குக் காலம் ஆட்களால் மாற்றி எழுதப்படுவது என்கிற விஷயம் மாத்திரமே.

அடுத்த மாற்றம் 19ஆம் நூற்றாண்டில் நடந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ எழுதினார். பெரிய புராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்தான் பண்ணைக்காரராகிய வேதியர். நந்தன் அவரிடம் அடிமையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்டால், நாற்பது வேலி நிலத்தையும் பயிர் செய்து முடித்துவிட்டுப் போ என்கிறார். ராத்திரியில் சிவகணங்கள் வந்து வேலையை முடிக்கின்றன. காலையில் வேதியர் அதிசயப்பட்டு நந்தனின் காலில் விழுகிறார்.

பாரதியாருக்குச் சேர வேண்டிய நியாயத்தை நாம் மறைக்கப் போவதில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுடைய உத்தரவில்லாமல் ஊரைவிட்டு நகர முடியாது என்ற பண்ணையாள் முறையை முதன்முதலாகப் பெரிய சபைகளில் பாட்டாக்கிக் கேட்க வைத்தவர் அவர். பிராமணராயிருந்து பிராமண மிராசுதாரைக் கொடுமைக்காரராகக் காட்டினார். அதற்குத் தைரியம் வேண்டும். அவருடைய நூலுக்குச் சிறப்புப் பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் வெகுவாய்த் தயங்கினார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். தயக்கத்துக்குக் காரணம் இலக்கணப் பிழை! நாட்டில் மனிதனை மனிதன் மாடாய் நடத்துகிறான். வித்துவானுக்குக் கண்ணில் பட்டது சந்திப் பிழை.

ஆனால் பாரதியார் காட்டிய கொடுமை எதனால் தீர்ந்தது? கூலி கேட்டுத் தீர்ந்ததா? ஆட்கள் கூடிப் பேசித் தீர்ந்ததா? பூதங்கள் வந்து உழுது தீர்ந்தது. மேலும், பல நூறு வருஷமாய் ஒரு சமூகத்தார் முழுவதும் சேர்ந்து நடத்திய அக்கிரமத்தை ஒரே ஒரு கோபக்கார வேதியரின் தலையில் போட்டு, அவர் மனம் மாறியதும் அக்கிரமமே தீர்ந்துவிட்டது போலக் கதை முடிகிறது. இதிலேதான் பெரிய ஆபத்து. பார்த்தவன் என்ன நினைப்பான்? “நான் அந்த வேதியரைப் போலக் கொடியவன் அல்லவே! நான் ஆளை அடிப்பதில்லை, காப்பி கூடக் கொடுக்கிறேனே!” என்றுதான் நினைப்பான். கொடியவன் ஒருவனைப் படம் பிடித்துக் காட்டினால், பார்க்கிறவர்களெல்லாம் நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

பேசும் படம் வந்ததும், படம் பிடித்தவர்கள் சேக்கிழாரை விட்டுப் பாரதியாரையே பிடித்துக்கொண்டார்கள். 1935இல் ‘பக்த நந்தனார்’ வந்தது. நந்தனாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். அதற்கு அவருக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்ச ரூபாய் என்பது அக்காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1942இல் ஜெமினியார் தண்டபாணி தேசிகரை வைத்து மறுபடி எடுத்தார்கள். பாட்டுக்காக ஜனங்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். ஆனால் 1935இல், நந்தனாய் நடித்தவருக்கு லட்ச ரூபாய் கொடுத்த அதே நாட்டில், நந்தன் ஜாதியில் உண்மையாகவே பிறந்தவர்களுக்குக் கோயில் கதவைத் திறந்துவிடச் சட்டம் இல்லை. 1939இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. 1947இல்தான் முழுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டங்கள் கண்ணீரால் வரவில்லை. கேட்டவர்கள் கேட்டு, அடிபட்டவர்கள் அடிபட்டு வந்தவை.

படத்தைவிடப் படம் காட்டிய கொட்டகை அதிகம் செய்தது என்றுகூட நாம் சொல்லுவோம். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே ஜாதியால் அல்லாமல் கொடுத்த காசால்தான் இடம் கிடைத்தது என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக் காட்டியிருக்கிறார். தரை டிக்கெட் வாங்கியவன் எவனானாலும் தரையில் அடுத்தவனோடு தோளுரசி உட்கார்ந்தான். திரையிலே தீண்டாமைக்குப் பாட்டு. தரையிலே பாட்டில்லாமலே தீண்டல்! எது அதிகப் பிரயோஜனம் என்று படிப்பவர்களே முடிவு செய்து கொள்ளட்டும்.

இதே கதையை வேறு விதமாய்ச் சொல்ல முடியாதா என்றால், முடியும், சொல்லியும் இருக்கிறார்கள். 1907இல் ‘தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், நந்தன் ஆளும் அல்ல அடிமையும் அல்ல, வஞ்சிக்கப்பட்ட பௌத்த அரசன் என்று எழுதினார். அதற்குச் சரித்திர ஆதாரம் எவ்வளவு என்பது வேறு கேள்வி. ஆனால் தன் ஜனங்களைப் பற்றிப் பிறர் கட்டிய கதையை அப்படியே விழுங்க மாட்டேன் என்று சொன்ன அந்த மனப்பான்மை இருக்கிறதே, அதுதான் விலை மதிப்புடையது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். நந்தனைத் தீயில் இறக்கியதாய்ச் சொல்லப்படும் ஊரில், நந்தன் பெயரால் பிள்ளைகள் சிலேட்டும் பலப்பமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆயிரம் கீர்த்தனைக்கு அது சமானம்.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ காலட்சேபத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது அண்ணாதுரையவர்கள் கதை வசனம் எழுதி 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்திலும் இருக்கிறது. நந்தனார் காலட்சேபத்தின் மெட்டையும் தோரணையையுமே எடுத்துக்கொண்டு, நந்தனைக் கிந்தனாக்கினார். நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை. கிந்தனுக்குப் பட்டணம் போய்ப் படிக்க ஆசை. நந்தனுக்கு நெருப்பு, கிந்தனுக்கு ரயில்! கிந்தன் படித்து உத்தியோகஸ்தனாய்த் திரும்பி வருகிறான். அதே உடம்போடு, அதே ஜாதியில் பிறந்தவனாகவே வருகிறான். யாரும் அவனை எரித்துச் சுத்தப்படுத்தவில்லை. ஜனங்கள் அழவில்லை, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்தவனுக்கு யோசனை வருகிறது. அழுதவனுக்குத் தூக்கம்தான் வருகிறது என்பது நமது அனுபவம். (நகைச்சுவை மட்டமான கலை என்று சொல்லும் பண்டிதர்கள் நம்மை மன்னிக்க வேண்டியதில்லை.)

சரி, அதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடலாமா? நெருப்பு மட்டும் பழையதாகவில்லையே! 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அதே காவிரி வளநாட்டில், கீழ்வெண்மணியில், கூலியாய் அரைப்படி நெல் கூடக் கேட்ட குற்றத்துக்காக, ஒரே குடிசைக்குள் புகுந்திருந்த 44 பேர் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். யாரும் பூணூலோடு எழுந்து வரவில்லை. கீழ்க் கோர்ட்டில் மிராசுதார்களுக்குத் தண்டனை கிடைத்தது. 1973இல் ஹைகோர்ட்டார் விடுதலை செய்தார்கள். கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கஷ்டமாயிருக்கிறது என்னும் கருத்தும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. பெரிய மனிதன் என்றால் இப்படித்தான் இருப்பான், இன்னதைச் செய்யமாட்டான் என்று அந்தக் கனம் நீதிபதிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? சட்டப் புஸ்தகமா? கொடியவன் என்றால் மீசையை முறுக்கிக்கொண்டு சாட்டையோடு வருவான் என்று காட்டிய அத்தனை நாடகமும் கதையும் அதிலே சேர்ந்திருக்கிறது என்று நாம் சொல்லுகிறோம்.

அந்தக் கொடுமையைப் பற்றி இந்திரா பார்த்தசாரதி 1975இல் ‘குருதிப்புனல்’ நாவல் எழுதினார். 1977இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் கிடைத்தது. எழுதாமல் வாய் மூடியிருந்தவர்களுக்கு நடுவே எழுதியவர் என்பதற்காக அவரை நாம் மதிக்கிறோம். ஆனால் நாவலில் மிராசுதாரின் கொடுமைக்குக் காரணமாக முன்னே வந்து நிற்பது அவருடைய ஆண்மைக் குறை! அரைப்படி நெல் பின்னுக்குப் போய்விட்டது. சேக்கிழார் அற்புதத்தைக் கொண்டு மறைத்ததை, நவீன ஆசிரியர் மனோதத்துவத்தைக் கொண்டு மறைத்தார் என்றால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். கொளுத்தியவர்கள் ஒரு கூட்டம். கூட்டத்தில் ஒவ்வொருவனுக்கும் அந்தரங்க வியாதி இருந்ததா? வியாதி ஜாதியிலும் நிலத்திலும் இருந்தது.

இனிப் பத்திரிகைகளின் யோக்கியதைக்கு வருவோம். கதையும் படமும் வருஷத்துக்கு ஒரு தடவை. பத்திரிகை தினம் காலையில் காப்பியோடு வருகிறது. சேரிக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினால் அதற்குத் தலைப்பு, “இரு பிரிவினரிடையே மோதல்.” ஒருவன் தடியை ஓங்குகிறான், ஒருவன் தலையைக் கொடுக்கிறான், இரண்டும் சேர்ந்தால் மோதலாம்! கல்லும் கண்ணாடியும் மோதிக்கொண்டன என்பது போல. அடித்தவனுக்குப் பெயர் “மாற்றுச் சமூகத்தினர்” அல்லது “குறிப்பிட்ட பிரிவினர்”. அடிபட்டவனுடைய ஜாதி மட்டும் ஊரோடு, தெருவோடு அச்சாகும். ஆகவே நித்தம் படிக்கிறவன் மனதில், ஜாதி என்பது ஒடுக்கப்பட்டவர்களிடத்தில் மட்டும் இருக்கும் ஒரு வஸ்து, மற்றவர்களெல்லாம் வெறும் “பிரிவினர்” என்று படிந்துபோகிறது.

பெற்ற பெண்ணையும் அவள் கட்டிய பிள்ளையையும் வெட்டிப் போட்டால், அதற்கு வெகுநாள் வரை “கௌரவக் கொலை” என்று பெயர் வைத்திருந்தார்கள். கொலையில் என்ன கௌரவம் என்று ஓர் ஆசிரியராவது பேனாவைக் கீழே வைத்து யோசித்தாரா? இங்கிலீஷில் ஒருவன் சொன்னதை அப்படியே தமிழாக்கி, வெட்டினவனுக்கு ஒரு பட்டத்தையும் கட்டிவிட்டார்கள். பிறகு ஜாதி ஒழிப்புக்காரர்கள் இடைவிடாமல் சண்டை போட்டதன் பேரில், “ஆணவக் கொலை” என்ற வார்த்தை வழக்கத்துக்கு வந்தது. 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டைக் கடைவீதியில் பட்டப்பகலில் ஒரு பொறியியல் மாணவன் வெட்டப்பட்டதைச் சுவரில் மாட்டிய காமிராவே படம் பிடித்தது. அதை நாடு முழுவதும் பார்த்தது. கண்ணால் பார்த்தபின் “கௌரவம்” என்று எழுதக் கை கூசியது. ஒரு வார்த்தை மாறுவதற்கு எத்தனை உயிர் வேண்டியிருக்கிறது பாருங்கள்!

சினிமாவின் கதையும் ஒரே நேர்கோட்டில் இல்லை. 1987இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்று ஒரு படம். பிராமணப் பெண் ஒருத்தி, பொய்ச் ஜாதிச் சர்ட்டிபிகேட் வாங்கிப் பெரிய உத்தியோகத்துக்கு வந்ததாகவும், அவள் படும்பாட்டைப் பார்த்து நாம் இரங்க வேண்டும் என்றும் கதை. நந்தனைப் பூணூலோடு எழுப்பியவர்கள், இப்போது பூணூல் குலத்துப் பெண்ணை நந்தன் வேஷத்தில் அனுப்பி அழ வைத்தார்கள். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஹைகோர்ட்டார் சர்ட்டிபிகேட்டை ரத்து செய்தார்கள். 1989இல் சுப்ரீம் கோர்ட்டார் படத்தை அனுமதித்தார்கள். அனுமதித்தது சரியே என்பது நமது அபிப்பிராயம். நமக்குப் பிடிக்காத கதையைத் தடுக்கப் போலீசைக் கூப்பிட்டால், நாளைக்குக் கிந்தனாரைத் தடுக்கவும் அதே போலீஸ் வரும். பொய்க் கதைக்குப் பதில் மெய்க் கதைதான்.

அப்படி மெய்க் கதை சொல்ல வந்தவர்களுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். 2021இல் ‘ஜெய் பீம்’ படம் வந்தது. 1993இல் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ஓர் ஏழையின் வழக்குதான் கதை. படம் பார்த்துக் கோபம் வந்தவர்கள் உண்டு. எதற்குக் கோபம்? லாக்கப்பில் செத்தவனுக்காகவா? ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் தங்கள் ஜாதிச் சின்னம் இருந்ததற்காக! நாள்காட்டியை மாற்றினார்கள், அப்படியும் வக்கீல் நோட்டீஸ், பணம் கொடு என்று மிரட்டல். மனிதன் செத்ததில் புண்படாத மனம் காகிதத்தில் புண்பட்டது.

2018இல் மாரி செல்வராஜ் எடுத்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தை நாம் இரண்டு தடவை பார்த்தோம். அதில் கடைசியில் மேஜைமேல் நிற்கும் இரண்டு டீக் கிளாசைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நமக்குப் பெரிதாய்ப்பட்டது வேறு. அந்தப் பையன்மேல் பிரியமாயிருக்கும் மேல்ஜாதிப் பெண்ணுக்கு, அவள் பொருட்டு அவன் பட்ட அடியும் அவமானமும் முடிவு வரையில் தெரியவே தெரியாது. அவள் நல்லவள், படித்தவள், கள்ளங்கபடமற்றவள், ஒன்றும் தெரியாது! நம் பாட்டியை அந்தப் பெண்ணிடத்தில் நாம் கண்டோம். நம்மையுமே கண்டோம். எரவாணத்துத் தம்ளரைத் தினமும் பார்த்து வளர்ந்த நாம், பதினைந்து வயது வரையில் அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நந்தனார் படம் நம்மை அழ வைத்தது; இந்தப் படம் நம்மை வெட்கப்பட வைத்தது. இரண்டுக்கும் உள்ள தூரத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அழுதபோது நாம் நந்தனின் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டோம். வெட்கப்பட்டபோதுதான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்தது.

இதனால் கலை ஜெயித்துவிட்டது என்று யாரும் கொட்டு அடிக்க வேண்டாம். எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்காரும் இடம் என்று கொட்டகையைப் பற்றிச் சொன்னோமே, 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு சினிமாக் கொட்டகை வாசலில் கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விட மறுத்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்து ஊருக்குக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். காரணம் கேட்டதற்கு, சிறு குழந்தைகள் பார்க்கத்தக்க படமல்ல என்று சமாதானம் சொன்னார்கள். அதே வருஷம் ஜூன் மாதம், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் வரலாமா கூடாதா என்ற தகராறில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அந்த வட்டாரமெல்லாம் திரௌபதியம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதக் கூத்து நடக்கும். ஒரு பெண்ணைச் சபையிலே துகிலுரிந்து அவமானப்படுத்தும் காட்சிக்கு ஊரே விடிய விடிய விழித்திருந்து அழும். சபையில் பெரியவர்களெல்லாம் வாய்மூடி உட்கார்ந்திருந்தார்களே என்று வையும். விடிந்ததும், கோயில் வாசலில் நிற்கும் மனிதனைப் பற்றிக் கேட்டால் அதே வாய் மூடிக்கொள்ளும்!

“அப்படியானால் நீங்கள் கலையே வேண்டாம் என்கிறீர்களா?” என்று சிலர் நம்மைக் கேட்பார்கள். வேண்டாமென்று நாம் எங்கே சொன்னோம்? கிந்தனாரைக் கொண்டாடுகிறவர்கள் கலை வேண்டாமென்பார்களா? கதை கேட்கும்போது நாலு கேள்வி கேளுங்கள் என்கிறோம். இதில் யார் எரிகிறான்? யார் எரியாமல் தப்புகிறான்? எரிந்தவன் தன் உருவத்தோடு திரும்பி வருகிறானா, மற்றவனுடைய உருவத்தோடு வருகிறானா? கதை முடிந்தபோது, நேற்றிருந்த விதி இன்றைக்கும் இருக்கிறதா? இதைக் கேட்கப் பண்டிதர் பட்டம் வேண்டியதில்லை. நாமும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான்.

பத்திரிகை நடத்தும் கனவான்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு சேரி தாக்கப்பட்ட செய்தி உங்கள் மேஜைக்கு வரும்போது, “மோதல்” என்று எழுதாமல் “தாக்குதல்” என்று எழுதுங்கள். அடிபட்டவர்களின் ஜாதியை எழுதினால், அடித்தவர்களின் ஜாதியையும் அதே எழுத்தில் அச்சடியுங்கள். நாள்காட்டிக்குப் புண்பட்டவர்கள் இதற்கும் புண்படுவார்கள், நோட்டீஸ் அனுப்புவார்கள், விளம்பரத்தை நிறுத்துவோம் என்பார்கள். எத்தனை பேர் அந்த ஒரு வரியை அச்சடிக்கிறீர்கள் என்று எண்ணி வருவதாக உத்தேசித்திருக்கிறோம்.